முப்பத்திரண்டாவது பேர்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால், சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாய். "ஏம்மா, நீ ஒரு காலத்துல ப்ரோக்ராம்லாம் எழுதுவியாமே, புஷ்பம் டீச்சர் சொன்னாங்க. அப்புறம் ஏன் வுட்டுட்ட?" நான் ரசம் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ வேறு பேச்சுக்குப் போயிருந்தாய். உன் கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு பதிமூன்று வருடமாக அந்தப் பதிலை உன் அப்பாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். நீ போனில் கேட்டால் நடுவில் குறுக்கிடுவாய், நானும் நல்லதாகப் பார்த்து மாற்றிச் சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று நீ பேசிய வேறு பேச்சுதான் என்னை எழுத வைத்தது. புதுக் கம்பெனியில் உனக்குக் கொடுத்திருக்கும் வேலையைப் பற்றிச் சொன்னாய். உதவித்தொகை வாங்கும் வயதானவர்களின் பட்டியல். மாதம் ஒரு முறை உன் ப்ரோக்ராம் அந்தப் பட்டியலில் மேலிருந்து கீழே ஓடும். ஒவ்வொருவரும் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கும், இல்லை என்று தெரிந்தால் பேரை அடித்துவிடும். "ஒரு மனுசன் உக்காந்து பாத்தா கண்ணு சொருகும், தப்பு வரும். அதையே திரும்பத் திரும்பச் செய்யுற லூப்புக்குக் களைப்பே கெடையாதும்மா" என்றாய். நான் கேட்டேன், "உயிரோட இருக்குறவங்க பேரு தப்பா அடிபட்டுட்டா?" "வந்து கம்ப்ளைன்ட் குடுப்பாங்க. திரும்பச் சேத்துருவோம்." "வரலைன்னா?" நீ சிரித்தாய். "வரலைன்னா செத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்." விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அதே மாதிரி ஒரு நினைப்போடு நானும் ஒரு காலத்தில் ஒரு லூப்பை ஓட விட்டிருக்கிறேன்.

நீ அப்போது ஆறாம் வகுப்பு. நான் பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளியின் பேர் உனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு லூப் நடத்தும்போது நான் எப்போதும் டவுன் பஸ் கண்டக்டரைத்தான் சொல்வேன். முதல் சீட்டில் தொடங்குகிறார். எங்கே போகணும் என்று கேட்கிறார், டிக்கெட் கிழிக்கிறார், அடுத்த சீட்டுக்கு நகர்கிறார். கடைசி சீட்டு வந்ததும் நிற்கிறார். எங்கே தொடங்குவது, ஒவ்வொரு சுற்றிலும் என்ன செய்வது, எப்படி நகர்வது, எப்போது நிற்பது. நகர மறந்தால் முதல் சீட்டுக்காரருக்கே டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்பார், நிற்க மறந்தால் பஸ்ஸை விட்டு வெளியே விழுவார் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்னொன்றை நான் ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்போது, பழைய சுற்றிலிருந்து கையில் என்ன மிச்சம் இருக்கக் கூடாது என்பதை. அது எனக்கே அப்போது உறைக்கவில்லை.

அந்த வருடம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தானாக மெசேஜ் போகும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். எனக்கு அவ்வளவு பெருமை. ஒரே வாரத்தில் எழுதினேன். ஒவ்வொரு வகுப்பின் வருகைப் பட்டியலும் கம்ப்யூட்டரில் ஏறும். என் ப்ரோக்ராம் முதல் பேரிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும். அந்தப் பேருக்கு நேராகப் பெற்றோர் போன் நம்பர் இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளும். பிள்ளை வரவில்லை என்று இருந்தால் அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பும். தினமும் காலை பத்தே முக்காலுக்கு ஓடும். "உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை." அவ்வளவுதான் மெசேஜ். பிள்ளையின் பேரையும் சேர்த்துப் பார்த்தேன். பழைய போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. சுருக்கமாக இருக்கட்டும் என்று பேரை எடுத்துவிட்டு, மீதியை இங்கிலீஷ் எழுத்தில் போட்டேன். முதல் நாள் ஓடியபோது ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கைதட்டினார்கள்.

ப்ளஸ் டூ வகுப்பில் முப்பத்தொன்றாவது பேர் வளர்மதி. ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். அதிகம் பேச மாட்டாள், ஆனால் நான் போர்டில் ஒரு வரி தப்பாக எழுதினால் முதலில் அவள் கைதான் உயரும். முப்பத்திரண்டாவது பேர் வனிதா. அவள் குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டது. எப்படியும் திரும்பி வருவாள் என்று வகுப்பு டீச்சரான புஷ்பம் அவள் பேரை எடுக்காமல் வைத்திருந்தார். அவர்கள் வீட்டு நம்பர் வேலை செய்யவில்லை என்று அதை மட்டும் அழித்திருந்தார். உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். முப்பத்தொன்றாவது சுற்றில் வளர்மதியின் அப்பா நம்பரை ப்ரோக்ராம் கையில் எடுத்தது. அவள் வந்திருக்கிறாள், மெசேஜ் இல்லை. முப்பத்திரண்டாவது சுற்று. வனிதாவுக்கு நம்பரே இல்லை, அதனால் புதிதாக எதுவும் எடுக்கவில்லை. பழைய நம்பரைக் கீழே வைக்கச் சொல்லி நான் எழுதவும் இல்லை. வனிதா வரவில்லை. மெசேஜ் போனது, வளர்மதியின் அப்பாவுக்கு. மறுநாளும் போனது. அதற்கு மறுநாளும். வளர்மதி பள்ளிக்கு வந்த பதினொரு நாளும், ஒரு நாள் தப்பாமல், பத்தே முக்காலுக்கு.

அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள், ஐந்தோ ஆறோ, வளர்மதி லேப் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வேறு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. "டீச்சர், அட்டெண்டன்ஸ்ல எனக்கு எதுவும் தப்பா வுழுந்திருக்கா?" என்றாள். நான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவள் பேருக்கு நேராக எல்லா நாளும் வந்திருக்கிறாள் என்றே இருந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு, போ" என்றேன். அவள் உடனே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் தம்பி, பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "இன்னும் என்ன?" என்று கேட்டேன், கேட்ட விதம் எப்படி இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும். "ஒன்னுமில்ல டீச்சர்" என்று போய்விட்டாள். பட்டியல் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என் லூப் என்ன செய்கிறது என்று நான் பார்க்கவில்லை. அவள் ஏன் கேட்கிறாள் என்றும் கேட்கவில்லை.

அந்தப் பதினொரு நாளும் கழிந்த அடுத்த வாரம் அவள் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் அப்பா டி.சி. வாங்க ஆபீஸுக்கு வந்தார். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரி ஓட்டுபவர். சட்டைக் காலரெல்லாம் வெள்ளைத் தூசி. நான் ஏதோ வேலையாக அங்கே உட்கார்ந்திருந்தேன். படிப்பை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் வைத்தார். வரிசையாக என் வார்த்தைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. "நீங்க அனுப்புனதுதாங்க டீச்சர். கல்லு ஏத்துன வண்டிய எடை போட எடைமேடையில வரிசையில நிக்கிறப்ப தெனமும் வரும். மொத ரெண்டு நாளு நம்பல. நானே ஒரு நாளு லீவு போட்டுட்டு வந்து எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்தேன். ஸ்கூல் கேட்டுக்குள்ள அவ போனத எங் கண்ணால பாத்தேன். பத்தே முக்காலுக்கு மெசேஜ் வருது, வரலைன்னு. அப்ப எந்த வழியா வெளிய போனான்னுதாங்க தேடுனோம். அடிச்சும் கேட்டுப் பாத்தாச்சு. வாயத் தொறக்கல." போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "மீன்சுருட்டியில எந் தங்கச்சி வழியில ஒரு எடம். பதினெட்டு முடிஞ்சிருச்சு. வர்ற வியாழக்கெழம கோயில்ல வச்சு முடிச்சிர்றோம். நீங்க மட்டும் சொல்லலைன்னா எங்களுக்குத் தெரியாமயே போயிருக்கும். நல்லாருப்பீங்க." என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "கொஞ்சம் இருங்க, நான் ஒன்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்று லேபுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் திறந்து, பட்டியல் வந்து, நான் திரும்பி வந்தபோது டி.சி.யை வாங்கிக்கொண்டு அவர் போயிருந்தார்.

அன்று மதியம் ப்ரோக்ராமைத் தாளில் எழுதி, ஒவ்வொரு சுற்றாக நானே கம்ப்யூட்டராக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பேர் ஒரு பக்கம், கையில் இருக்கும் நம்பர் ஒரு பக்கம். முப்பது வரை சரி. முப்பத்தொன்று சரி. முப்பத்திரண்டில் நம்பர் மாறவில்லை. பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார், "நடந்தது நடந்துருச்சு. இனிமே யாருக்கும் போகாம சரி பண்ணிருங்க. வெளியில தெரிஞ்சா நாளைக்கு ஒரு பொண்ணையும் நம்ம ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்க. உங்களுக்கும் ஒரு பையன் இருக்கான்." சரி பண்ணினேன். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நம்பரைக் காலியாக்கு என்று ஒரே ஒரு வரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செவ்வாய் வகுப்பு எடுத்தேன். புதன் எடுத்தேன். உனக்கு அந்த வாரம் பரீட்சை, பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்தேன். வியாழக்கிழமை என்று அவர் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நாள் தெரிந்தே நான் போகவில்லை. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. லூப்பில் விட்ட வரியைத் தெரியாமல் விட்டேன். அந்த மூன்று நாளைத் தெரிந்தேதான் விட்டேன்.

சனிக்கிழமை வளர்மதி வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் அவள் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். வாசலில் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை. நான் உட்காராமலே சொன்னேன், மெசேஜ் தப்பு, உங்கள் பெண் தினமும் பள்ளிக்கு வந்தாள், வேறு பெண் வீட்டுக்குப் போக வேண்டியது உங்களுக்கு வந்துவிட்டது என்று. அவள் அப்பா கோபப்படவில்லை. நான் அவர் பெண்ணைக் காப்பாற்றப் பொய் சொல்ல வந்திருப்பதாக நினைத்தார். "ஒரு தடவன்னா தப்புன்னு சொல்லலாங்க. பதினோரு தடவ தப்பு வருமா டீச்சர்?" என்று கேட்டார். மனிதர் செய்கிற தப்பு அப்படி வராது. ஒரு நாள் வரும், மறுநாள் வேறு மாதிரி வரும். பதினொரு தடவை ஒரே மாதிரி வந்தால் அது உண்மை என்றுதான் யாரும் நம்புவார்கள். "வருங்க. ஒரு தடவ வந்தா எல்லாத் தடவையும் அப்படியேதாங்க வரும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு அவருக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "எடைமேடையில முந்துன வண்டியோட எடைய அழிக்காம, அடுத்த வண்டிக்கும் அதே எடைய அடிச்சுச் சீட்டு குடுத்துட்டா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நடந்திருக்கு" என்றார். சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். உள்ளே இருந்து அவள் அம்மாதான் கேட்டார், "அப்ப எம் பொண்ணு ஸ்கூலுக்குத்தாங்க போயிருக்கா?" போயிருக்கிறாள் என்றேன். "தெனமுமா?" தினமும்தான் என்றேன். அந்தம்மா அழவில்லை. சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அவள் அப்பா, "இத எழுதிக் குடுங்க" என்றார். நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் நானும் அவருமாக அரியலூர் போய், ஜெயங்கொண்டம் பஸ் மாறி, மீன்சுருட்டியில் இறங்கினோம். வழியெல்லாம் அவர் அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள் கை வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை வீட்டில் எங்களை நன்றாகவே வரவேற்றார்கள். மருமகளின் டீச்சர் கல்யாணம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று மாமியாருக்குச் சந்தோஷம், காபி போடப் போனார். வளர்மதி புதுத்தாலி மஞ்சள் மாறாமல் எங்கள் முன்னால் வந்து நின்றாள். அவள் அப்பா தாளை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள், எல்லா வரியையும். பிறகு சன்னமான குரலில் என்னிடம் சொன்னாள், "நான் போனேன்னு எனக்குத் தெரியாதா டீச்சர். இத எதுக்கு எங்கிட்ட காட்டுறீங்க." அவர், "டீச்சரையே உம் மாமியாகிட்ட படிச்சுக் காட்டச் சொல்றேம்மா, உம் மேல தப்பு இல்லன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். அவள் மாமியார் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வேணாம்ப்பா. மெசேஜ் வந்ததே இங்க யாருக்கும் தெரியாது. தப்பு இல்லன்னு நீங்க சொன்னீங்கன்னா, என்ன தப்புன்னு கேப்பாங்க." மாமியார் காபியோடு வருவதற்குள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சிரித்தபடி டம்ளரை எடுத்து எனக்குக் கொடுத்தாள். சரி பண்ணுவதற்கென்று நான் எழுதிய ஒரே தாளும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்தாகத்தான் போய் முடிந்தது. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் ஒரு ப்ரோக்ராமும் எழுதவில்லை. பாடம் மட்டும் நடத்தினேன். அந்த மெசேஜ் வேலையை வேறொரு டீச்சர் எடுத்துக்கொண்டார். நீயும் எழுதாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ என்னைவிடக் கெட்டிக்காரன், கையில் மிச்சம் இருப்பதைக் காலியாக்க உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பயப்படுவது வேறு. உன் பட்டியலிலிருந்து பேர் அடிபட்ட ஒரு கிழவி அரும்பாவூரிலோ எங்கேயோ இருப்பாள். அவள் உன்னிடம் வர மாட்டாள். வந்தாலும் வாசலில் நின்று, கேட்க வேண்டியதில் கால்வாசியைக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அவளைச் சுற்றி இருப்பவர்கள் நேரில் பார்க்கும் அவளைவிட உன் பட்டியலைத்தான் நம்புவார்கள். தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் மெசேஜை நம்பிய ஒரு தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தால் மாதம் ஒரு நாள், அடிபட்ட பேர்களில் பத்துப் பேரையாவது நீயே நேரில் போய்ப் பார். ஆபீஸில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் வளர்மதியைப் பார்த்தேன். அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது. மகள் ஆறாவது படிக்கிறாளாம். "ஸ்கூல்ல போன் நம்பர் கேட்டாங்க டீச்சர். எங்ககிட்ட போனே இல்லன்னுட்டேன். சாயங்காலம் நானே போயி நின்னு கூட்டிட்டு வந்துர்றேன்" என்றாள். அவள் அப்பா லாரி ஓட்டுவதை விட்டுவிட்டாராம், யாரோடும் அதிகம் பேசுவதில்லையாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் தலையை மட்டும் ஆட்டித் தடுத்துவிட்டாள். மீன்சுருட்டி பஸ் உள்ளே வந்து திரும்பியது. பையை எடுத்துக்கொண்டவள் நின்று கேட்டாள், "அந்தப் ப்ரோக்ராமு இன்னும் ஓடுதா டீச்சர்?"

"ஓடுதும்மா. வேற டீச்சர் பாத்துக்குறாங்க."

"இப்ப சரியா ஓடுதா?"

"ம். சரியாத்தான் ஓடுது" என்றேன். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். சரியாக ஓடுகிறது என்று எதை வைத்துச் சொன்னேன் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன் தம்பி. யாரும் வந்து கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அம்மா